நம்பியார் ஒரே மாதிரிதான் நடித்தாரா?

பலகுரல் கலைஞர்கள் மேடையில் செய்து காட்டும் நம்பியாரைப் பார்த்து வளர்ந்த ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார்: உள்ளங்கைகளைப் பிசைந்து, ஓரக்கண்ணால் பார்த்து, கடைசி ரீலில் எம்.ஜி.ஆரிடம் அடி வாங்கும் அதே ஆளாகத்தானே எம்.என். நம்பியார் இத்தனை ஆண்டுகளும் வந்து போனார், அவரைப் பெரிய நடிகர் என்று சேலத்துக்காரர்கள் ஏன் சொல்கிறீர்கள், எந்தப் படங்களைப் பார்த்தால் அது விளங்கும் என்று. இதில் படப் பட்டியல் கேட்பது மேலோட்டமான பகுதிதான். ஒரே வகைப் பாத்திரத்தை மீண்டும் மீண்டும் ஏற்பதும் ஒரே மாதிரி நடிப்பதும் ஒன்றா என்பதே அவர் உள்ளபடி கேட்பது. ஒன்றல்ல என்பது என் பதில். அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாமல், எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் விமர்சகன் அல்லன். நடிப்பைப் பாடமாகப் படித்தவனும் அல்லன். 1969-ல் சேலத்தை அடுத்த ஒரு டென்ட் கொட்டகையில் ரீல் சுற்றும் உதவியாளாகச் சேர்ந்து, பிறகு லைசென்ஸ் பெற்று ஆபரேட்டராகி, நகரத்துத் தியேட்டர்களில் 2007 வரை படம் ஓட்டியவன். நம்பியார் எனக்கு மிகவும் பிடித்த நடிகர் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவதில் அந்தப் பற்று கலந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே படியுங்கள். ஆனால் ஒரு படத்தை ரசிகர் நான்கைந்து முறை பார்ப்பார், ஆபரேட்டர் அறுபது முறை எழுபது முறை பார்ப்பான். பிடித்த நடிகரானாலும் அத்தனை முறை பார்க்கும்போது அவருடைய குறைகளும் கண்ணுக்குத் தப்பாது. அவற்றையும் சொல்கிறேன்.

படம் ஓட்டும் அறையான கேபினுக்குள் இருந்து படம் பார்ப்பது வேறு விதமான பார்வை. அந்தக் காலத்து மிஷின் ஓடும்போது எழும் சத்தத்தில் வசனம் பாதிக்கு மேல் காதில் விழாது. காட்சி சரியாக விழுகிறதா, வெளிச்சம் குறைகிறதா என்று சிறு கண்ணாடி ஜன்னல் வழியே திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மிஷினுக்கு வெளிச்சம் தந்தவை எதிரெதிரே எரியும் இரண்டு கார்பன் குச்சிகள். அவை எரிய எரிய நடுவே இடைவெளி கூடும். கூடினால் திரையில் வெளிச்சம் மஞ்சளாகி மங்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதை நெருக்கிவிட வேண்டும். ரீல் முடியும் தறுவாயில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி விழும். அதைக் கண்டதும் அடுத்த மிஷினின் மோட்டாரை ஓடவிட்டு, ஏழெட்டு விநாடிக்குள் விழும் இரண்டாவது புள்ளிக்கு மாற்றிவிட வேண்டும். இந்த வேலையில் கண் திரையை விட்டு விலகவே முடியாது, காதுக்கோ வேலையே இல்லை. ஆகவே நாங்கள் நடிகர்களை அவர்கள் பேச்சால் அறிந்ததில்லை, உடம்பால் அறிந்தோம். வசனத்தின் பலத்தில் நின்ற பல பெரிய பெயர்கள் அந்தக் கண்ணாடிக்குள் சிறுத்துப் போவார்கள். நம்பியார் ஒருநாளும் சிறுத்ததில்லை.

பலகுரல் மேடையில் காட்டப்படும் அந்தக் கை பிசைதல் படங்களில் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறது. ஆனால் மேடையில் ஒரு நிமிடத்துக்குள் நம்பியாரை அடையாளம் காட்டியாக வேண்டிய கலைஞருக்கு அதுவே முழு நம்பியாராகிவிடுகிறது. படத்தை முழுதாகப் பார்த்தால் தெரியும்: அவருடைய கைகள் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். அவருடைய பலம் அந்தச் சும்மா இருப்பதில் இருந்தது. எதிரில் இருப்பவர் பேசும்போது நம்பியார் அசைய மாட்டார், கேட்டுக்கொண்டிருப்பார். அந்தக் காலத்து நடிகர்களில் பலர், தன் முறை வரும்வரை காத்திருக்கும் முகத்தோடு நிற்பார்கள். நம்பியாரோ எதிராளியின் சொல் ஒவ்வொன்றையும் உள்ளே வாங்கி எடைபோடுவது போல நிற்பார். அவர் அப்படி நிற்பதால்தான் எதிரில் இருப்பவர் சொல்வதற்கு ஒரு கனம் வருகிறது. எம்.ஜி.ஆரின் வீரம் என்று நாம் கைதட்டிய பல இடங்களில் பாதிக் கைதட்டல் நம்பியார் கேட்டுக்கொண்டிருந்த விதத்துக்கு உரியது என்பது என் முடிவு. 1965-ல் பி.ஆர். பந்துலு எடுத்த ஆயிரத்தில் ஒருவனில் இருவரும் வசனத்தால் மோதிக்கொள்ளும் காட்சியை எல்லோருக்கும் தெரியும். வசனம் மனப்பாடமாகவே பலருக்கு இருக்கும். எம்.ஜி.ஆர். பதில் சொல்லும் வேளையில் அவரைப் பார்க்காமல் நம்பியாரைப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

ஒரே ஒரு படத்தை மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதித்தால் எங்க வீட்டுப் பிள்ளையைத்தான் எடுத்துக்கொள்வேன். சாணக்கியா இயக்கத்தில் 1965 பொங்கலுக்கு வந்த படம். ராமுடு பீமுடு என்ற தெலுங்குப் படத்தின் தமிழாக்கம். கோழையான ராமு, துணிச்சலான இளங்கோ என எம்.ஜி.ஆருக்கு இரண்டு வேடங்கள். ராமுவின் அக்காள் கணவர் கஜேந்திரனாக நம்பியார், அக்காளாகப் பண்டரிபாய். மைத்துனனின் சொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவனைச் சவுக்கால் அடித்து அடக்கி வைத்திருக்கும் மனிதர். படத்தின் முற்பாதியில் கஜேந்திரன் நம்மைப் பயமுறுத்த வேண்டும். யோசித்துப் பாருங்கள், அன்றைக்கு எம்.ஜி.ஆர். அடி வாங்கி நடுங்குவதை ஏற்றுக்கொள்ளும் மனநிலையில் எந்தக் கூட்டமும் இல்லை. கொட்டகையில் உட்கார்ந்திருப்பவன், 'தலைவர் திருப்பி ஒரு அடி கொடுத்தால் போதுமே' என்றுதான் நினைப்பான். அப்படி நினைக்கவிடாமல், அந்த ராமு நிஜமாகவே பயப்படத்தான் செய்வான் என்று நம்பவைக்கும் பொறுப்பு முழுதும் நம்பியாருடையது. அவர் அதைக் கத்திச் செய்யவில்லை. வீட்டுக்குள் நடக்கும் நடையிலும், ஒருவரை நிமிர்ந்து பார்ப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்திலும் செய்தார்.

பிற்பாதியில் சவுக்கு கைமாறுகிறது. ராமுவின் இடத்துக்கு வந்த இளங்கோ அதே வீட்டில், அதே சவுக்கால், அதே மனிதரை அடிக்கிறான். மாடிப்படியில் ஏறி இறங்கி 'நான் ஆணையிட்டால்' என்ற அந்தப் புகழ்பெற்ற பாட்டைப் பாடுகிறான். பாட்டு நெடுகிலும் நம்பியாருக்கு ஒரு வார்த்தை வசனம் கிடையாது. அந்த ரீலை நான் பழைய காப்பியில் எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறேன். அறுந்துபோய் ஒட்டவும் செய்திருக்கிறேன். பாட்டு ரீல்கள் எல்லா ஊரிலும் அதிகம் தேய்ந்துதான் வரும். ஒட்டும்போது படச்சுருளைப் பல்புக்கு எதிரே பிடித்து ஒவ்வொரு கட்டமாகப் பார்க்க வேண்டும். ஒரு விநாடிக்கு 24 கட்டங்கள். நான் அதில் கண்டது, பயம் அவருக்கு முகத்தில் தொடங்கவில்லை என்பதுதான். முதலில் தோள் இறங்குகிறது, பிறகு கழுத்து உள்ளே போகிறது, கடைசியில்தான் கண்ணுக்கு வருகிறது. முற்பாதியில் ராமுவாக எம்.ஜி.ஆர். எந்த உடம்போடு ஒடுங்கி நின்றாரோ, ஏறத்தாழ அதே உடம்பை நம்பியார் இப்போது வாங்கிக்கொள்கிறார். இதை இருவரும் பேசி வைத்துச் செய்தார்களா, இயக்குநர் சொல்லிச் செய்ததா, தானாக அமைந்ததா என்பதற்கு என்னிடம் சான்று கிடையாது. திரையில் அப்படி இருக்கிறது என்பதற்கு மட்டும் நான் சாட்சி.

இந்தக் காட்சி மக்களிடம் என்ன செய்தது என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். எங்கள் டென்ட் கொட்டகையில் தரை டிக்கெட்டுக்கு ஆற்று மணல்தான் இருக்கை. முற்பாதியில் கஜேந்திரன் சவுக்கை எடுக்கும்போது பெண்கள் பகுதியிலிருந்து கைப்பிடி மணல் திரைக்குப் பறக்கும். இரண்டாம் ஆட்டம் முடிந்து ஆட்கள் போன பிறகு, திரைக்குக் கீழே குவிந்திருக்கும் மணலைப் பெருக்கி அள்ளுவது உதவியாளனான என் வேலை. வேறு வில்லன்களுக்கு வசவு விழும். மணல் விழுந்தது இந்த மனிதருக்குத்தான். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. சவுக்கு கைமாறிய பிறகு ஒருவரும் மணல் எறிய மாட்டார்கள். பாட்டுக்குச் சீட்டி பறக்கும், காசு பறக்கும், ஆனால் நம்பியார் ஒடுங்கி நிற்கும் காட்சிகளில் பெண்கள் பக்கம் அமைதியாக இருக்கும். ஒருமுறை ஒரு பாட்டி, 'போதும் சாமி, உடு' என்று திரையைப் பார்த்துச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வெறுக்கப்பட்டவனை இரக்கப்படத் தக்கவனாகவும் ஆக்கிக்காட்டுவதற்கு, ஒரே மாதிரி நடிப்பவரால் முடியாது.

இனிச் சேலம். இந்த ஊரில் நம்பியாரைப் பற்றிப் பேசினால் மாடர்ன் தியேட்டர்ஸைப் பேசாமல் இருக்க முடியாது. டி.ஆர். சுந்தரம் ஏற்காடு சாலையில் நிறுவிய அந்த ஸ்டூடியோ, நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்தது, முதல் மலையாளப் பேசும் படமான பாலன் 1938-ல் அங்கிருந்துதான் வந்தது, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த அலிபாபாவும் 40 திருடர்களும் 1956-ல் வண்ணத்தில் அங்கே உருவானது. இன்று எஞ்சியிருப்பது சாலையோர வளைவு ஒன்றுதான். ஏற்காடு பேருந்தில் அதைக் கடக்கும்போது இன்னமும் திரும்பிப் பார்க்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. நம்பியாரின் நடிப்பு வாழ்க்கையில் அந்த வளைவுக்குள் கழிந்த மூன்று நான்கு ஆண்டுகள்தான் மிகச் சிறந்தவை என்று நான் நினைக்கிறேன். இது என் கருத்து; பின்னால் வந்த எம்.ஜி.ஆர். படங்களையே சிறந்தவை என்று சொல்வோர் அதிகம்.

1950-ஐ மட்டும் பாருங்கள். அந்த ஆண்டு மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்து வந்த இரண்டு படங்களில் நம்பியார் இருக்கிறார். ஒன்று, மந்திரி குமாரி. எல்லிஸ் ஆர். டங்கன் தொடங்கி டி.ஆர். சுந்தரம் முடித்த படம், வசனம் மு. கருணாநிதி. குண்டலகேசிக் கதையின் வழியில் வந்தது. எம்.ஜி.ஆர். தளபதி, கொள்ளைக்காரன் பார்த்திபனாக எஸ்.ஏ. நடராஜன், அவனுடைய தந்தையும் அரசனையே ஆட்டிவைக்கும் ராஜகுருவுமாக நம்பியார். நம்பியார் பிறந்தது 1919-ல். அப்படியானால் அப்போது அவருக்கு வயது 31. வளர்ந்த மகனுக்குத் தந்தையாக, அரசவையின் மூத்தவராக வருகிறார். தாடியும் ஒப்பனையும் ஒருவரை முதியவராக்கிவிடாது. உட்காரும் விதமும் எழும் விதமும்தான் ஆக்கும். அந்தப் படத்தில் அவர் எழுந்திருப்பதைப் பாருங்கள், முப்பத்தோரு வயது எங்கே ஒளிந்துகொண்டது என்று தேடத் தோன்றும்.

இன்னொன்று, அதே 1950-ல் வந்த திகம்பர சாமியார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலை டி.ஆர். சுந்தரம் படமாக்கினார். அதில் நம்பியார் வில்லன் அல்லர். குற்றங்களைத் துப்பறிந்து வெளியே கொண்டுவரும் நாயகன். அந்த வேலைக்காக மாறுவேடம் மாறுவேடமாகப் போட்டு வருகிறார். பதினொரு வேடங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அவர் ஒரே மாதிரி நடித்தார் என்ற கேள்விக்கு நேர் பதில் இந்தப் படம்தான். வேடத்துக்கு வேடம் குரல் மாறுகிறது, நடை மாறுகிறது, கூன் விழுகிறது, நிமிர்கிறது. ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: படம் நெடியது, இன்றைய கண்ணுக்கு மெதுவாகப் போகும், சில வேடங்கள் நாடக மேடையிலிருந்து அப்படியே இறங்கி வந்தவை. ஆனால் ஓர் ஆண்டுக்குள், ஒரே ஸ்டூடியோவில், சூழ்ச்சிக்கார ராஜகுருவாகவும் நீதியின் பக்கம் நிற்கும் துப்பறிவாளராகவும் ஒருவரை நம்பி நடிக்கவைத்திருக்கிறார் டி.ஆர். சுந்தரம். அந்த முதலாளி கணக்கில் கறாரானவர் என்று சேலத்தில் அறியாதவர் கிடையாது. சந்தேகம் இருந்தால் ஒரு பெரிய படத்தை ஒருவர் தோளில் ஏற்றியிருக்க மாட்டார்.

அடுத்த ஆண்டு, 1951-ல், சர்வாதிகாரி. எம்.ஜி.ஆருக்கும் நம்பியாருக்கும் நடுவே பிற்காலத்தில் நாம் கண்ட எல்லாப் போட்டிகளுக்கும் அச்சு இந்தப் படத்தில்தான் வார்க்கப்பட்டது என்பேன். 1947-ல் எம்.ஜி.ஆர். முதன்முதலாக நாயகனாக நடித்த ராஜகுமாரியிலும் நம்பியார் உண்டு. ஆனால் அங்கே அவர் எதிரி அல்லர், நாயகனின் பக்கத்து ஆள். எதிரெதிரே கத்தியோடு நிற்கும் உறவு சேலத்தில் உறுதிப்பட்டது. கத்திச் சண்டையில் தோற்கப்போகிறவருக்குத்தான் பொறுப்பு அதிகம் என்பதை அந்தப் படத்தில் காணலாம். ஜெயிப்பவர் வேகமாக இருந்தால் போதும். தோற்பவர் வேகமாகவும் இருக்க வேண்டும், கடைசி நொடியில் தோற்கவும் வேண்டும், அந்தத் தோல்வி கொடுக்கப்பட்டதாகத் தெரியாமல் பறிக்கப்பட்டதாகத் தெரிய வேண்டும். 1952-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் ஹாலிவுட்காரர்களோடு சேர்ந்து எடுத்த ஜங்கிள் என்ற ஆங்கிலப் படத்திலும் அவர் நடித்திருக்கிறார். அது ராட் கேமரூன் நடித்த படம். நம்பியாருக்காக அதைத் தேடிப் பார்க்கச் சொல்ல மாட்டேன், அதில் அவருக்கு இடம் குறைவு.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். மந்திரி குமாரியில் பார்த்திபன் மலையுச்சிக்குத் தன் மனைவியை அழைத்துப்போகும் காட்சி ஏற்காட்டில் எடுக்கப்பட்டது என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வோம். ஸ்டூடியோவுக்கு அந்த மலை அருகில் இருந்தது, அந்தப் படங்களுக்குச் சேர்வராயன் மலை பயன்பட்டது என்பவை ஐயமில்லாதவை. ஆனால் இந்தப் பாறைதான் அந்தப் பாறை என்று வழிகாட்டிகள் காட்டுவதை அப்படியே நம்பிவிட வேண்டாம். நான் ஏற்காட்டில் வெவ்வேறு ஆட்கள் வாயால் மூன்று வெவ்வேறு பாறைகளைக் கேட்டிருக்கிறேன். அதுபோலவே நம்பியார் ஆயிரம் படங்களில் நடித்தார் என்பதும் சொல்லிச் சொல்லி நிலைத்த எண். அதை வைத்து எதையும் நிறுவ வேண்டியதில்லை. அவர் புலால் உண்ணாதவர், மது தொடாதவர், பல்லாண்டுகள் சபரிமலைக்குச் சென்று குருசாமியாக மதிக்கப்பட்டவர் என்பவை எல்லோரும் அறிந்த உண்மைகள். அவற்றைச் சொல்லி, 'நிஜத்தில் அவ்வளவு நல்லவர், திரையில் அவ்வளவு கெட்டவராக வந்தார், அதுவே அவர் நடிப்புக்குச் சான்று' என்று பலர் முடித்துவிடுகிறார்கள். நான் அந்த வாதத்தை ஏற்பதில்லை. நல்ல மனிதர் மோசமாக நடிப்பதும் உண்டு, நேர்மாறும் உண்டு. அவருடைய பக்திக்கு என் வணக்கம் தனியே இருக்கட்டும். நடிப்பைத் திரையில் இருப்பதை வைத்தே அளக்க வேண்டும்.

அந்த நடிப்பு எங்கே கற்றது என்பதற்கு மட்டும் அவர் வாழ்க்கையைப் பார்க்கலாம். கேரளத்தின் வடக்கே பிறந்து, சிறுவனாகவே நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் குழுவில் சேர்ந்தவர். 1935-ல் வந்த பக்த ராமதாஸ்தான் முதல் படம். பாய்ஸ் கம்பெனி என்று சொல்லப்பட்ட அந்தக் குழுக்களில் வளர்ந்த பையன்களுக்கு ஒலிபெருக்கி கிடையாது. குரல் கடைசி வரிசைக்குப் போக வேண்டும். முகம் கடைசி வரிசைக்குப் போகாது, ஆகவே உடம்பு போக வேண்டும். சிறு வேடத்தில் மேடையோரம் மணிக்கணக்கில் நின்றுகொண்டு பெரியவர்கள் பேசுவதைக் கவனிப்பதே அங்கே பாதிப் பயிற்சி. நம்பியாரின் அந்தக் கேட்கும் நிலை அங்கிருந்து வந்தது என்பது என் ஊகம். ஆனால் அதே பள்ளியில் வளர்ந்த வேறு பலரிடமும் அதன் சாயலைக் காண்கிறேன்.

மற்ற வில்லன்களோடு ஒப்பிடச் சொன்னால் சுருக்கமாகச் சொல்வேன். பி.எஸ். வீரப்பா சிரித்துக்கொண்டு உள்ளே வருவார்; அந்தச் சிரிப்பைக் கேட்டதும் கொட்டகைக்கே இவர்தான் எதிரி என்று தெரிந்துவிடும். அசோகன் குரலை இழுத்து மடக்கிப் பேசுவார்; கேட்க இன்பம். இருவரும் தங்கள் கெட்ட குணத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறவர்கள். நம்பியார் அறிவிக்க மாட்டார், நம்மைக் கண்டுபிடிக்கவைப்பார். நாடோடி மன்னனில் வீரப்பா ராஜகுரு, நம்பியார் பிங்கலன். 1958-ல் வந்த அந்த ஒரே படத்திலேயே இரண்டு முறைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். வீரப்பாவைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். அவர் சிரிப்புக்காகக் கேபினை விட்டுப் பால்கனிக்கு ஓடிப்போய்க் கேட்டவன் நான்.

குறைகளையும் சொல்வதாகச் சொன்னேன். 1970-களின் வண்ணப் படங்கள் பலவற்றில் நம்பியார் சலிப்பூட்டுகிறார். அந்தப் படங்களில் வில்லனுக்கு எழுதுவதையே குறைத்துவிட்டார்கள். கோட்டு, கண்ணாடி, அடியாள் நாலு பேர், தொலைபேசி என்று வைத்துவிட்டு, மிச்சத்தை நம்பியார் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள். எதிரில் யாரும் எதுவும் சொல்லாத இடத்தில் அவர் எதைக் கேட்பார்? அப்போதுதான் கை பிசைதல் போன்றவை கூடின என்று நினைக்கிறேன். அடைக்க வேண்டிய வெற்றிடம் இருந்தது, அவர் பழக்கத்தால் அடைத்தார். கேள்வி கேட்டவர் பார்த்தது அந்தப் படங்களை மட்டும்தான் என்றால் அவர் நினைப்பது நியாயமே. அதே காலத்துக்குச் சற்று முன், 1968-ல், தில்லானா மோகனாம்பாளில் மதன்பூர் மகாராஜாவாகச் சிறிது நேரமே வருகிறார். அங்கே எவ்வளவு அடக்கமாக, ஆள் வைத்துப் பழகிய செல்வந்தனுக்கே உரிய நிதானத்தோடு இருக்கிறார் என்பதைப் பாருங்கள். எழுதிக் கொடுத்தால் செய்துவிடுகிறவர்.

1982-ல் பாக்யராஜ் அதைப் புரிந்துகொண்டார். தூறல் நின்னு போச்சு படத்தில் நம்பியாரை நல்லவராக, சிரிக்கவும் வைக்கிற பெரியவராகக் கொண்டுவந்தார். அப்போது நம்பியாருக்கு வயது 63. எங்கள் தியேட்டரில் முதல் நாள் முதல் காட்சியில் நடந்ததை நேரில் கண்டேன். அவர் திரையில் தோன்றியதும் வழக்கம்போல ஒரு 'ஊ' எழுந்தது. அடுத்த காட்சியிலும் ஜனங்கள் நம்பவில்லை. எப்போது குணத்தைக் காட்டப்போகிறார் என்று காத்திருந்தார்கள். கால் மணி நேரம் போயிருக்கும், எல்லோரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள், அவரைப் பார்த்து அல்ல, அவரோடு சேர்ந்து. இடைவேளையில் சோடா விற்கும் பையன் கேபின் படியில் ஏறி வந்து, 'அண்ணே, நம்பியார் திருந்திட்டாருண்ணே' என்றான். அவனுக்கு அது அவ்வளவு பெரிய செய்தி. முப்பது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த வெறுப்பைக் கால் மணி நேரத்தில் கலைத்துவிட்டார். அதுவும் எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல், அதே மெதுவான பார்வையோடு. முன்பு பயமுறுத்திய அதே நிதானம் இப்போது ஆதரவாகத் தெரிந்தது.

ஏற்காட்டில் நடந்த ஒன்றோடு பட்டியலுக்கு வருகிறேன். எழுபதுகளின் நடுவில், ஒரு காப்பித் தோட்டத்தில் வேலையாட்களுக்குப் பண்டிகைக்குப் படம் போட வேண்டும் என்று 16 எம்.எம். மிஷினை என்னிடம் கொடுத்து அனுப்பினார்கள். பெட்டிகளைப் பேருந்தின் மேலே ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். களத்தில் இரண்டு சவுக்கு மரக் கம்பங்களுக்கு நடுவே வேட்டித் துணிகளைத் தைத்துக் கட்டிய திரை. கூட்டம் கொள்ளாமல் பாதிப் பேர் துணிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். படம் எங்க வீட்டுப் பிள்ளை. ஒரு ரீல் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே எல்லாம் இடம் வலமாக மாறியிருந்தது. கஜேந்திரன் இடது கையால் சவுக்கை ஓங்கினார். மலைப்பனியில் துணி ஈரமாகி, காற்றில் லேசாக ஆடியது. ஒலிபெருக்கி முன்பக்கம் இருந்ததால் வசனம் சரியாகக் கேட்கவும் இல்லை. இருந்தும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பக்கத்துப் பெண்கள், இந்தப் பக்கத்தார் பயந்த இடத்திலேயே பயந்தார்கள், அவர் ஒடுங்கிய இடத்தில் இவர்களைப் போலவே அமைதியானார்கள். கேபினில் நான் தனியாகக் கண்டதை அன்று ஒரு கூட்டமே கண்டது.

பார்க்க வேண்டிய வரிசை என்று கேட்டால், முதலில் எங்க வீட்டுப் பிள்ளை, அடுத்துத் தூறல் நின்னு போச்சு, அதன் பிறகு மந்திரி குமாரி, சர்வாதிகாரி, கடைசியாகத் திகம்பர சாமியார் என்று பார்க்கச் சொல்வேன். ஆண்டு வரிசையில் தொடங்கினால் பழைய படங்களின் வேகம் உங்களைப் பாதியில் எழுப்பிவிடக்கூடும். அவரைப் பழகிய பிறகு அந்தப் படங்களுக்குப் போனால் பொறுமை தானே வரும். தொலைக்காட்சியில் வருபவை பெரும்பாலும் வெட்டப்பட்டவை, அதிலும் வில்லன் பேசாமல் நிற்கும் இடங்களைத்தான் முதலில் வெட்டுவார்கள்; ஆகவே ஒரே படத்துக்கு இரண்டு பதிவுகள் கிடைத்தால் நீளமானதை எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அவர் இருக்கும் ஒரு காட்சியையாவது ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். சவுக்குப் பாட்டிலிருந்தே தொடங்கலாம்; பாட்டு உங்களுக்கு மனப்பாடமாகத்தான் இருக்கும், கேட்காவிட்டால் நட்டமில்லை. படிக்கட்டில் எம்.ஜி.ஆர். ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். நீங்கள் அவர் பின்னால் போகாமல், கீழே நிற்பவரின் தோளையே பாருங்கள்.